எண்பது பேர் வாசித்த ஹாரன்

அத்தியாயம் 6

மணிமேகலைக்குக் குமட்டியது. மேசை மேல் ஆறிப்போன டீயில் ஆடை மிதந்தது ஒரு காரணம். கையிலிருந்த, ஒரு இசை ஆல்பத்தோடு வந்த சின்னப் புத்தகம் அதைவிடப் பெரிய காரணம்.

“கேளு,” என்று படித்தாள். “‘மாமேதை கிருஷ்ணப்பன் தம் கைப்பட எழுதிய தாள்களிலிருந்து, ஒரு ஸ்வரமும் பிசகாமல், ஐரோப்பாவின் எண்பது கலைஞர்கள் மறுபிறவி கொடுத்த புனித இசை.’ புனிதமாம். படிக்கிறப்பவே கை பிசுபிசுங்குது.”

“எண்பது பேரா?” என்றான் பூவரசன். “எங்க பஸ்ல எண்பது பேர் ஏத்தினா ஃபைன் போடுவாங்க மேடம். இவங்களுக்கு அவார்டு குடுக்கறாங்க.”

தர்மபுரி நான்கு ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது மணிமேகலையின் துப்பறியும் அலுவலகம். அவள் பத்து வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். மாணவர்கள் பொய் சொன்னபோது பொறுத்துக்கொண்டாள். நிர்வாகம் பொய் சொன்னபோது வெளியே வந்துவிட்டாள். வயது நாற்பத்திரண்டு. கைப்பையில் எப்போதும் சோப்புத் தாள் இருக்கும். பூவரசன் அவளுடைய உதவியாளன். முன்பு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விசில் போய்விட்டது, வாய் போகவில்லை.

எதிர் நாற்காலியின் நுனியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் தெரசா. அரூரில் ஒரு பள்ளியில் இசை ஆசிரியை. மடியிலிருந்த துணிப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

“மறுபடி ஒரு தடவை சொல்லுங்க டீச்சர். இவனுக்கும் கேக்கணும்.”

தெரசா தொண்டையைச் செருமினாள்.

“கிருஷ்ணப்பன் அய்யா சினிமாவுக்கு இசை அமைச்சவர்ங்க. ஓய்வு எடுத்தப்புறம் அதியமான்கோட்டையில சொந்த வூட்டுக்கே வந்துட்டாரு. ‘எட்டாவது அலை’ன்னு ஒரு படம், நாப்பது வருஷம் இருக்கும். அதுதான் அவரோட பெரிய வேலை. படச்சுருள் இப்ப எங்கயும் கிடையாது. பாட்டு மட்டும் ரெக்கார்டுல தப்பிச்சுது. பின்னணி இசை அய்யாவோட இரும்புப் பெட்டியில தாளா இருந்துச்சு. பூச்சி அரிச்ச தாளையெல்லாம் நான்தான் நாலு வருஷம் உக்காந்து புதுசா எழுதிக் குடுத்தேன். அய்யா தவறினப்புறம், போன வருஷம் ஜனவரில எண்ணி பட்டியல் போட்டேன். நானூத்திப் பன்னெண்டு தாள். பெட்டிய பூட்டி சாவிய அய்யாவோட பையன் முருகேஷ் கையில குடுத்தேன்.”

“அவ்வளவு தாளையும் ஒரு நூலகத்துக்குக் குடுக்கணும்னு கிருஷ்ணப்பன் உயில் எழுதியிருக்கார்,” என்றாள் மணிமேகலை. “இப்ப சென்னையில ஒரு கம்பெனி இந்த ஆல்பத்தைப் போட்டுடுச்சு. அதைப் பார்த்துட்டு நூலகத்துக்காரங்க போன மாசம் தாளைக் கேட்டு வந்தாங்க. முருகேஷ் பெட்டியைத் திறந்து காட்டினார். காலி.”

“நான் திருடி கம்பெனிக்கு வித்துட்டேன்னு புகார் குடுத்திருக்காருங்க. வெளியாளுங்கள்ல அந்தப் பெட்டியத் தொட்டது நான் ஒருத்திதான்.” தெரசாவின் குரல் இறங்கியது. “தாள் இல்லாம ஆல்பம் எப்படி வரும்னு இன்ஸ்பெக்டர் கேக்கறாரு. எனக்கு பதில் தெரியல. திங்கக்கெழமை பத்து மணிக்கு எஃப்.ஐ.ஆர். போட்டா அன்னிக்கே சஸ்பெண்ட். அதுகூடப் பரவாயில்லீங்க. ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க இப்பவே என்னப் பாத்தா பையத் தூக்கி மடியில வெச்சிக்குதுங்க.”

அன்று சனிக்கிழமை. மணி ஒன்பதரை.

“ஆல்பத்தைக் கேட்டீங்களா?”

“கேட்டேன் மேடம். அய்யாவோடதுதான். ஆனா...” தயங்கினாள். “தப்பா இருக்கு.”

“எங்க?”

“ரெண்டு இடம்ங்க. அய்யா டி மைனர்ல எழுதினாரு. இவங்க அரைக்கட்டை மேல தூக்கி வாசிக்கறாங்க. அந்த ஸ்கேல்ல எழுதினா வயலின்காரங்க திட்டுவாங்க. வேணும்னு யாரும் எழுத மாட்டாங்க. இன்னொண்ணு கிளைமாக்ஸ்ல.”

பூவரசன் மடிக்கணினியில் கடைசிப் பகுதியை ஓடவிட்டான். வயலின்கள் ஏறின. செல்லோக்கள் கீழேயிருந்து தள்ளின. எல்லாம் ஒரு உச்சிக்குப் போய்ச் சட்டென்று நின்றன. ஒரு மூச்சு இடைவெளி. பிறகு டிராம்போன்கள் மட்டும். கீழே ஒன்று, மேலே ஒன்று, மறுபடி கீழே ஒன்று. கடைசி ஸ்வரம் இழுபட்டுத் தேய்ந்தது.

“இங்கதான்,” என்றாள் தெரசா. “இங்க ஒண்ணுமே வரக்கூடாது. படகுல ஹீரோ செத்துடறான். எட்டு பார், அதாவது எட்டு கட்டம், மௌனம். எல்லாரும் கையை மடியில வெச்சிடணும்னு அய்யா மேலயே எழுதியிருந்தாரு. என் கையால நகல் எடுத்தேன். எனக்கு மறக்காது.”

மணிமேகலை புத்தகத்தைப் புரட்டினாள். “இதுக்கும் ஒரு பத்தி இருக்கு. ‘டிராம்போன்களில் ஒலிக்கும் அந்த மூன்று ஸ்வரங்கள் மரணத்தின் அழைப்பு. தன் காலத்துக்கு முப்பது ஆண்டுகள் முன்னே நின்ற துணிச்சல்.’ இதை எழுதினவன் பல் தேய்ச்சுட்டு எழுதியிருக்க மாட்டான்.”

பூவரசனின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் எழுந்து நின்றிருந்தான்.

“இன்னொரு தரம் போடறேன் மேடம்.”

போட்டான். கேட்டான். மறுபடி போட்டான். பிறகு உதட்டைக் குவித்து அதே மூன்றையும் சீட்டி அடித்தான். கடைசி ஸ்வரத்தின் இழுப்புகூட மாறவில்லை.

“இது முத்துவேல் பஸ்.”

“என்னது?”

“பென்னாகரம் - ஒகேனக்கல். ஆறு வருஷம் அதுல டிக்கெட் கிழிச்சேன் மேடம். முதலாளி நாலு தரம் பஸ்ஸ மாத்தினாரு. ஹாரன மட்டும் பழசுல இருந்து கழட்டிப் புதுசுல மாட்டிக்குவாரு. ஏன்னா ஜனங்க பஸ்ஸப் பாத்து ஓடி வரதில்ல, சத்தத்தக் கேட்டுத்தான் ஓடி வருவாங்க. இது கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு. மத்தபடி அதேதான். கடைசியில அந்த இழுப்பு பாருங்க, அது டிரைவருங்க பரம்பரையா இழுக்கறது.”

“படத்தில பஸ் வருதா டீச்சர்?”

“நடுக்கடல்ல முடியுதுங்க படம்.”

“நடுக்கடலுக்கு பெர்மிட் கிடையாது மேடம்,” என்றான் பூவரசன்.

மணிமேகலை எழுந்தாள். ஆடை மிதந்த டீயை வாஷ்பேசினில் கொட்டினாள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது.

“தாளைப் பார்த்து வாசிச்சா பஸ் எப்படி உள்ள வரும்? தாள்ல பஸ் ஓடாது. சத்தத்தைக் கேட்டு எழுதினாத்தான் வரும். எங்கயோ பஸ் போற ரோட்டோரம் பதிவு பண்ணின சத்தம் அது. அப்படின்னா இந்தக் கம்பெனி தாளைக் கண்ணாலயே பார்க்கல. நீங்க வித்திருந்தா பார்த்திருப்பாங்க.”

தெரசாவின் பிடி பையில் கொஞ்சம் தளர்ந்தது.

“இதைச் சொன்னா போதுமாங்க?”

“இன்ஸ்பெக்டர்கிட்ட போய் எண்பது வெள்ளைக்காரங்க பஸ் ஹாரன் வாசிச்சாங்கன்னு சொன்னா, உங்களோட சேர்த்து என்னையும் உள்ள வெப்பார். அந்த ஒலிப்பதிவு வேணும். பூவரசா, வண்டியை எடு.”

தெரசாவையும் ஏற்றிக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் கார் போகும்போது, மணிமேகலை புத்தகத்தின் பின்னாலிருந்த கம்பெனி எண்ணுக்கு ஸ்பீக்கரில் பேசினாள். ஒரு இளம்பெண் எடுத்தாள்.

“தாள்களை யார் கொண்டு வந்து கொடுத்தாங்கன்னு தெரிஞ்சுக்கணும்.”

“சாரி மேடம், நாங்க தாள் பார்க்கல. ஃபேமிலி ஒரு ஆடியோ குடுத்தாங்க. டயலாக்கை சாஃப்ட்வேர்ல ரிமூவ் பண்ணிட்டு, மியூசிக்கை நோட்ஸா எழுதி ஆர்கெஸ்ட்ராவுக்கு அனுப்பினோம்.”

“அப்ப ‘கைப்பட எழுதிய தாள்கள்’னு போட்டிருக்கே?”

“அது மார்க்கெட்டிங் டீம் எழுதினது மேடம். ஒரு ஃபீலுக்காக.”

மணிமேகலை போனை அணைத்தாள். சோப்புத் தாள் ஒன்றை எடுத்து, பாட்டில் தண்ணீரை ஜன்னலுக்கு வெளியே ஊற்றிக் கை கழுவினாள்.

“போன்ல பேசினதுக்கே கழுவறீங்களே மேடம்,” என்றான் பூவரசன்.

“ஃபீலுக்காக.”

“சாஃப்ட்வேருக்கு ஆளு பேசினா தெரியுது. ஹாரன் அடிச்சா பாட்டுன்னு நினைச்சுக்குது. நம்ம டிரைவருங்கள சங்கீத வித்வான்னு ஒத்துக்கிட்ட மொத ஆளு அதுதான்.”

“குடும்பம்னு அவ சொன்னதைக் கவனிச்சியா?”

“முருகேஷா?”

“பேரை அவ சொல்லல. சொல்ற ஆளைத் தேடித்தான் போறோம்.”

பென்னாகரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஆண்டி மைக்செட் கடையைப் பூவரசன் நேராகக் காட்டினான். அந்தப் பக்கத்தில் நாற்பது வருடமாகக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குழாய் கட்டுபவர் ஆண்டிதான். குழாய் ஸ்பீக்கர்கள் மேல் பல்லி எச்சம் காய்ந்திருந்தது. வாசல்படியின் ஓரம் முழுவதும் வெற்றிலைச் சாறு. மணிமேகலை புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆண்டிக்கு எழுபது இருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து ஒயர் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“யாரு, முத்துவேல் பஸ்ல மீதிச் சில்லறை குடுக்காத பையனா?”

“இன்னும் அதையே சொல்லுங்க மாமா. அந்தச் சில்லறையிலதான் நான் மச்சு வூடு கட்டினேன்.”

“மாமா,” என்று தொடர்ந்தான். “ஒரு சத்தம் கேக்கறேன். என்னன்னு சொல்லுங்க.” சீட்டி அடித்தான்.

ஆண்டி ஒயரைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது.

“கடைசி டிரிப்புடா. எட்டே முக்கா. இங்க டென்ட் கொட்டாய் இருந்துச்சு பாரு, அதுக்கு வாசல்ல பஸ் நிக்கும். ஒகேனக்கல் போறவன் பாதிப் பேரு கொட்டாய்க்குள்ள உக்காந்திருப்பான். டிரைவரு மூணு சத்தம் குடுப்பான். ஆத்தோரத்து ஊர்க்காரனுங்க அம்புட்டும் எந்திரிச்சு ஓடுவானுங்க. அவனுங்கள்ல ஒருத்தன்கூட எந்தப் படத்துலயும் முடிவப் பாத்ததில்ல.”

“அதான் எங்க சித்தப்பா எல்லாப் பட வில்லனும் இன்னும் உசுரோட இருக்கறதா பயந்துட்டிருக்காரு.”

மணிமேகலை சிரிக்கவில்லை. கைக்குட்டையால் மூக்கை மூடியபடி கேட்டாள். “ஐயா, ‘எட்டாவது அலை’ படம் அந்தக் கொட்டாய்ல ஓடிச்சா?”

“நாப்பத்தெட்டு நாளு ஓடிச்சும்மா. இசை நம்ம ஜில்லாக்காரரு இல்ல? அந்த வருஷம் கல்யாணத்துக்கெல்லாம் அந்தப் படத்துக் கதைவசனம் போடுன்னு ஒரே ரோதன. கடையில விக்கற கேசட்டுல கால் பங்கு கதைதான் இருந்துச்சு. நான் முழுசாப் பதிவு பண்ணிக்கலாம்னு டேப்ப எடுத்துட்டுப் போயி கொட்டாய் ஸ்பீக்கர் அடியில வெச்சேன். ஆரம்பத்துலயே கரண்ட்டு ஒயர எவனோ மிதிச்சுப் பிடுங்கிட்டான். அப்புறம் பேட்டரியில போட்டேன். பேட்டரியும் பழசு. முக்கி முக்கிச் சுத்துச்சு.”

மணிமேகலை தெரசாவைப் பார்த்தாள்.

“டேப் மெதுவாச் சுத்திப் பதிவாச்சு. அதைச் சரியான வேகத்துல போட்டா சத்தம் மேல ஏறும். அரைக்கட்டை.”

தெரசா வாயைப் பொத்திக்கொண்டாள். “செத்துப்போன பேட்டரியையா ஸ்கேல்னு எழுதினாங்க?”

“எழுதி, எண்பது பேர்கிட்ட குடுத்தாங்க. அவங்களும் பாவம், கஷ்டப்பட்டு வாசிச்சிருக்காங்க. ஐயா, அந்த கேசட் இருக்கா?”

“அட்டை இருக்கு. கேசட்டு இல்ல.”

ஆண்டியின் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. கேசட்டை யார் இரவல் கேட்டாலும் கொடுப்பார். ஆனால் டப்பாவைத் தரமாட்டார். உள்ளே இருக்கும் அட்டையில் எடுத்துப் போகிறவர் பெயரையும் தேதியையும் தானே எழுதிவைக்க வேண்டும். அலமாரியில் பாதிக்கு மேல் வெறும் டப்பாக்கள். அவற்றில் ஒன்றைத் துடைக்காமல் நீட்டினார். மணிமேகலை கைக்குட்டையால் வாங்கினாள்.

நீல மையில் இருந்தது: கி. முருகேஷ், அதியமான்கோட்டை. போன வருடம் மார்ச் 24.

“அப்பா நெனப்புக்கு ஒரு காப்பி எடுத்துட்டு தரேன்னு கண்ணுல தண்ணி வெச்சிட்டுக் கேட்டான்மா. இன்னும் குடுக்கல.”

வெளியே வந்ததும் பூவரசன் காரின் கதவைத் திறந்தான். மணிமேகலை ஏறவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஜனவரியில நீங்க எண்ணி வெச்சப்ப தாள் முழுசா இருந்துச்சு. சரிதானே டீச்சர்?”

“நானூத்திப் பன்னெண்டும்.”

“பெட்டி நிறைய தாள் இருக்கிற ஒருத்தன், மார்ச் மாசம் எதுக்கு ஒரு ஓட்டை கேசட்டைத் தேடி இவ்வளவு தூரம் வரணும்? கம்பெனி கேட்டப்ப பெட்டியைத் தூக்கிக் குடுத்திருக்கலாமே?”

பூவரசன் மெல்லச் சீட்டி அடித்தான். இந்த முறை ஹாரன் இல்லை.

“அப்பவே பெட்டி காலி.”

“காலின்னு அவனுக்குத் தெரியும். அப்ப புகார் குடுக்கல. ஒண்ணரை வருஷம் வாயைத் திறக்கல. நூலகத்துக்காரங்க வாசல்ல வந்து நின்னதும்தான் திருடு போனது ஞாபகம் வந்திருக்கு.” உதட்டைச் சுழித்தாள். “திருட்டுக் குடுத்தவன் இப்படி நடந்துக்க மாட்டான். வீணாக்கினவன்தான் இப்படி நடந்துப்பான். என்ன பண்ணினான்னுதான் தெரியணும்.”

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பியதும் மல்பெரித் தோட்டம். அதன் நடுவே முருகேஷின் வீடு. பக்கத்தில் நீளமாக ஒரு பட்டுப்புழு ஷெட்.

முருகேஷ் ஜவ்வாது மணக்க வரவேற்றார். ஐம்பது வயது. வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை. கூடத்தில் கிருஷ்ணப்பனின் படம் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தது. மாலை, சந்தனம், மின்சார விளக்கு. அதன் கீழே ஆல்பத்தின் அட்டையை ஃப்ரேம் போட்டு வைத்திருந்தார்கள்.

“வாங்க மேடம். டீச்சரும் வந்திருக்காங்களா? எனக்கு அவங்க மேல கோவம் இல்லீங்க. தாளத் திருப்பிக் குடுத்துட்டா நானே ஸ்டேஷன்ல பேசி விட்டுடறேன். அப்பாவோட இசை எனக்கு உசுரு.”

தெரசா தரையைப் பார்த்தாள்.

“மார்ச் மாசம் பென்னாகரத்துல வாங்கின கேசட் பத்திரமா இருக்கா?” என்றாள் மணிமேகலை.

ஜவ்வாது வாசனை அப்படியே இருந்தது. சிரிப்பு மட்டும் ஒரு கணம் தவறியது.

“அது... நெனப்புக்கு வாங்கினதுங்க.”

“பெட்டியைப் பார்க்கலாமா?”

உள்ளறையில் இரும்புப் பெட்டி இருந்தது. முருகேஷ் மூடியைத் திறந்தார். காகிதத்தின் வாசனை துளியும் இல்லை. பிளீச்சிங் பவுடரின் நெடி கண்ணைக் கரித்தது. மூலையில் வெள்ளைத் தூள் அப்பியிருந்தது.

“மேடம், இந்த நெடி...” என்று பூவரசன் ஆரம்பித்தான்.

“தெரியும். இதை ஆய்வகத்துல பத்து வருஷம் முகர்ந்திருக்கேன். பெட்டி காலியாகி ரொம்ப நாளாச்சு. ஷெட் கழுவற பவுடர் வைக்கற வேலைக்கு வந்திருக்கு.” ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்தாள். “முருகேஷ், நீங்க பூவரசனுக்கு உங்கப்பா வாங்கின பரிசையெல்லாம் காட்டுங்க. அவன் கலைப் பிரியன்.”

“ஆமாங்க,” என்றான் பூவரசன், முருகேஷின் தோளில் கை போட்டு. “கேடயம்னா எனக்கு உசுரு.”

ஷெட் வாசலில் முருகேஷின் மனைவி செல்லி தழைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் நல்ல வெயில் களைப்பு.

“பாக்க வந்தீங்களாக்கா? செருப்பக் கழட்டிட்டு இந்தச் சுண்ணாம்புல காலை வெச்சிட்டு வாங்க. நோவு கீவு உள்ள வந்துடும்.”

மணிமேகலை கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்பில் கால் வைத்தாள். தெரசா பின்னால் வந்தாள்.

உள்ளே இருட்டும் வெக்கையும். மூன்றடுக்குத் தட்டுகள் சுவர் நீளத்துக்கும் ஓடின. ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வெள்ளைப் புழுக்கள் ஒன்றின் மேல் ஒன்று நெளிந்து தழையை மென்றன. அந்த மெல்லும் ஓசை காதுக்குள் ஊர்ந்தது. அடியில் கறுப்பு மிளகு மாதிரிப் புழுக்கை. நசுங்கிய தழையும் புழுக்கையும் புளித்த வாடை அடித்தது. மணிமேகலை மூச்சை வாயால் இழுத்தாள். அது இன்னும் மோசம். வாடை நாக்கில் தெரிந்தது.

“நாலாம் தூக்கம் முடிஞ்சு, தோலுரிச்சு எந்திரிச்சிருக்கு. இப்ப வெறி புடிச்ச மாதிரி திங்கும்,” என்றாள் செல்லி பெருமையாக.

“அடியில என்ன காகிதம் போடுவீங்க?”

“பழைய நியூஸ் பேப்பருதாங்க. நமுத்துப் போயிடும். தினமும் மாத்தணும்.” செல்லியின் குரல் கொஞ்சம் ஏறியது. “போன வருஷம் மாசி மாசம் ஒரு பேட்ச்சுக்கு பேப்பரு தீந்துபோச்சு. இவரு எங்கயோ இருந்து ஒரு கட்டு கெட்டிக் காகிதம் கொண்டாந்து குடுத்தாரு. கோடு கோடாப் போட்டது. அடடா, என்னா காகிதம்க்கா! ஈரம் இழுக்கல, கிழியல. பூச்சிக்கு அவ்வளவு ஒத்துக்கிச்சு. கூடு கட்டினது பாருங்க, கல்லு மாதிரி. அந்த மாதிரி பேட்ச் அதுக்கப்புறம் எடுக்கவே இல்ல.”

புழுக்கள் மென்றன.

“அந்தக் காகிதம் எங்க?” என்றாள் மணிமேகலை.

“அழுக்கானத எருக்குழியில போட்டாச்சு. அது மக்கி, தோட்டத்துக்கும் போயிடுச்சு. கொஞ்சத்த ஜன்னல் சந்துக்கு ஒட்டினோம், மருந்தடிக்கறப்ப காத்து போகக்கூடாதுல்ல. அதோ.”

தெரசா ஏற்கெனவே அங்கே போய்விட்டாள்.

கோடியில் இருந்த ஜன்னலின் இடுக்குகளில் தாள்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோந்தால் ஒட்டப்பட்டிருந்தன. வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. தாளின் வழியாக வெளிச்சம் பழுப்பாக உள்ளே வந்தது. ஐந்து ஐந்தாகக் கோடுகள். அவற்றின் மேல் சின்னச் சின்னத் தலைகளாக ஸ்வரங்கள். பல்லி நாலைந்து இடத்தில் எச்சமிட்டிருந்தது.

“என் எழுத்து,” என்றாள் தெரசா.

அவள் விரல் ஒரு வரியில் நகர்ந்தது. வயலின்கள் ஏறும் இடம். செல்லோ. உச்சி. அதற்கப்புறம் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவள் வாய்விட்டு எண்ணினாள். எட்டு. மேலே சிவப்பு மையில், கோணலாகக் கிருஷ்ணப்பனின் கையெழுத்து: எல்லோரும் கையை மடியில் வையுங்கள்.

செல்லிக்கு ஒன்றும் புரியவில்லை. “வெயில் ஏறுதுக்கா, அடுத்த கட்டு தழை கொண்டாரேன்,” என்று வெளியே போனாள்.

வாசலில் முருகேஷ் நின்றிருந்தார். ஷெட்டுக்கு வெளியே, சுண்ணாம்பைத் தாண்டாமல். பின்னால் பூவரசன்.

“கேடயம் மூணுதான் மேடம். சீக்கிரம் முடிஞ்சிடுச்சு,” என்றவன் ஜன்னலைப் பார்த்தான்.

“தெரியாமச் செஞ்சதுங்க,” என்றார் முருகேஷ். “அப்பா அறையில சும்மா கெடந்துச்சு. பழைய காகிதம்னு நெனச்சேன். மறுமாசமே கம்பெனிக்காரங்க போன் பண்ணி, தாள் இருக்கான்னாங்க. எனக்குத் தலை சுத்திடுச்சு. கேசட்டுல சமாளிச்சேன். நூலகத்துக்காரங்க வந்து நிப்பாங்கன்னு யாரு கண்டா?”

“பழைய காகிதம்னு நினைச்சீங்க. அது தப்பு,” என்றாள் மணிமேகலை. “டீச்சர் பேரைச் சொன்னீங்களே, அது என்ன?”

“யார் பேரையாச்சும் சொல்லணும்ல மேடம்?”

மணிமேகலை இதுவரை எத்தனையோ குற்றவாளிகளைப் பார்த்திருந்தாள். சிலர் அழுதார்கள், சிலர் அடிக்க வந்தார்கள். இப்படி நியாயம் கேட்டவர் யாரும் இல்லை. இந்த ஷெட்டில் எது அதிகம் நாறுகிறது என்று அவளுக்கு இப்போது சந்தேகமே இல்லை.

முருகேஷ் அவளை விட்டுவிட்டுத் தெரசாவிடம் திரும்பினார். குரல் குழைந்தது.

“டீச்சர். அப்பாவுக்காகப் பாருங்க. ஆல்பம் உலகம் பூராப் போயிடுச்சு. அவர் பேரு நிக்குது. இத வெளிய சொன்னா எல்லாம் நாறிடும். திங்கக்கெழமை நானே போயி புகார வாபஸ் வாங்கிக்கறேன். தாள் எங்கயோ தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் நஷ்டமில்ல.”

தெரசா ஜன்னலிலிருந்து கையை எடுத்தாள். விரல் நுனியில் கறுப்பு ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

“திங்கக்கெழமை வேண்டாங்க. இப்பவே எழுதிக் குடுங்க.”

“எழுதறேன், எழுதறேன்.” முருகேஷ் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினார். வெளியே பார்த்துக் கத்தினார். “ஏய் செல்லி! வூட்டுல இருந்து ஒரு பேப்பர் எடுத்தா!”

சற்று நேரத்தில் செல்லி வந்தாள். கையில் அகலமான, கெட்டியான ஒரு தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத்தில் ஐந்து ஐந்தாகக் கோடுகள்.

“பரண்ல இன்னும் முப்பது நாப்பது இருக்குங்க,” என்றாள் கணவனிடம். “அடுத்த பேட்ச்சுக்கு ஆகட்டும்னு எடுத்து வெச்சேன்.”

முருகேஷ் கை நீட்டினார்.

தெரசா குறுக்கே வந்து அந்தத் தாளை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, வகுப்பில் பிட்டுத் தாளை வாங்குவதுபோல் வாங்கினாள். ஒரு கணம் பார்த்தாள். மடிக்காமல் துணிப்பைக்குள் வைத்தாள். அதிலிருந்து ஆறாம் வகுப்பு நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து நடுப்பக்கத்தைக் கிழித்து அவர் முன்னால் நீட்டினாள்.

“பரண்ல இருக்கறத பூவரசன் சார் இறக்கிடுவாரு. நீங்க எழுதுங்க. நான் சொல்றேன்.”

முருகேஷ் தாளைத் தொடையில் வைத்துக் குனிந்தார்.

“தெரசா டீச்சர் பத்தி நான் போலீஸ்ல சொன்னது பொய்.”

பேனா நின்றது. “பொய்னு வேண்டாம் டீச்சர். தவறுதலாச் சொல்லிட்டேன்னு...”

காலையிலிருந்து ஒருமுறைகூட உயராத தெரசாவின் குரல், ஷெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

“பொய்.”

அவர் எழுதினார்.